நமசிவாயம் பிள்ளையைப் புள்ளியில் எழுதிய மாடக்கண்ணு

மாடக்கண்ணுவை ஆளாக்கினது யார் என்று தென்காசியில் ஒரு காலத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. நமசிவாயம் பிள்ளையின் பேனாதான் என்றார்கள் பாதிப் பேர். உலகம்மன் கடாட்சம் என்றார்கள் மீதிப் பேர். மாடக்கண்ணுவிடமே போய்க் கேட்டால், வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "என்னையவா? என்னைய நான்தாம்லே ஆக்கினேன். வேற எவனுக்கு அம்புட்டுத் தைரியம் உண்டு?" என்பார்.

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஆய்க்குடியில் பிறந்தவர் அவர். தகப்பனாருக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை. மூன்றாம் வகுப்பில் கணக்குப் போடச் சொன்ன சிலேட்டில் வாத்தியாரின் மீசையைப் போட்டுக் கொடுத்தார். அதோடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் உறவு முறிந்தது. மீசை என்னவோ அப்படியே வாத்தியார் மீசைதான். அதனால்தான் அடி பலமாக விழுந்தது. அப்புறம் செங்கோட்டைச் சந்தைக்கு வருகிற வில்வண்டிகளுக்கு மயிலும் தாமரையும் எழுதினார். ஒரு வண்டிக்காரன் சொன்ன பேச்சைக் கேட்டு, மீசை முளைக்கிற வயசில் சிவகாசிக்கு நடையைக் கட்டினார். அங்கே தீப்பெட்டி லேபிள் அடிக்கிற லித்தோ என்கிற கல்லச்சுக்கூடம் ஒன்றில் கல்லில் படம் எழுதுகிற வேலை கிடைத்தது.

கல்லில் எழுதுவது காகிதத்தில் எழுதுகிற மாதிரி இல்லை. மையைத் தண்ணீர் விட்டு இழைய விட முடியாது. நிழல் மங்கலாக வேண்டுமென்றால் புள்ளியைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். கறுக்க வேண்டுமென்றால் நெருக்கி வைக்க வேண்டும். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல். மஞ்சள் புள்ளிக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி விழுந்தால், எட்ட நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு அது பழுத்த நாரத்தம்பழ நிறம். கூட வேலை பார்த்தவர்கள் கிளியையும் சிங்கத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் கூத்துப் பார்க்கப் போனார்கள். மாடக்கண்ணுவுக்கு மட்டும் அந்தப் புள்ளி மண்டைக்குள் புகுந்துகொண்டது. "நெறம் கல்லுலயும் இல்ல, காயிதத்துலயும் இல்லலே. பாக்கவன் கண்ணுல இருக்கு" என்று சொல்லித் திரிந்தார். பைத்தியக்காரன் என்றார்கள். அதையும் ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பி, தென்காசி தெற்கு மாசி வீதியில் கடை போட்டார். கடைப் பலகை, கோயில் வாகனம், செத்துப்போன பெரியவர்களின் படம், நாடகக் கொட்டகைக்குப் படுதா, எது கேட்டாலும் எழுதினார். எல்லாம் ஊர் வழக்கப்படி இழுத்துப் பூசின வேலைதான். புள்ளியை யாரும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

அவர் எழுதின வனத்துப் படுதா ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் நமசிவாயம் பிள்ளை கடை தேடி வந்தார். பிள்ளை வக்கீலுக்குப் படித்தவர். ஆனால் கோர்ட் வாசலை மிதித்தவர் இல்லை. மதராஸ் பத்திரிகையில் சித்திரங்களைப் பற்றி எழுதுவார். திருநெல்வேலிச் சீமையில் எந்த ஜமீன் அரண்மனையிலும் ஒரு படம் சுவர் ஏற வேண்டுமென்றால் முதலில் பிள்ளை தலையாட்ட வேண்டும். அவருக்குப் பிடிக்காத படத்தை அவர் திட்டுகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: தீப்பெட்டிச் சித்திரம். அந்த வார்த்தை விழுந்தவன் அப்புறம் தூரிகையைத் தூக்கி எரவாணத்தில் செருகிவிட வேண்டியதுதான்.

மாடக்கண்ணுவின் படுதாவைப் பற்றிப் பிள்ளை ஒரு பத்தி எழுதினார். அடுத்த மாதமே சொக்கம்பட்டிப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது, கடையத்திலிருந்து ஆள் வந்தது. கடைக்கு இன்னொரு கதவு போட்டார் மாடக்கண்ணு. பிள்ளைக்கும் அவருக்கும் நட்பும் அப்படி இறுகிப்போனது. சாரல் காலம் வந்துவிட்டால் பிள்ளை குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் குடிபோய்விடுவார். மாடக்கண்ணு சாயங்காலம் அங்கே நடந்து போவார். ரெண்டு பேரும் தலையில் எண்ணெயோடு அருவிக்கரையில் உட்கார்ந்துகொண்டு, எந்த ஜமீனில் எந்தப் படம் உதவாக்கரை என்று பேசுவார்கள். குளிக்க வந்தவர்கள் குளித்துவிட்டுப் போன பிறகும் பேச்சு முடிந்திருக்காது.

முப்பத்தாறாம் வருஷம் ஆடியில் ஒரு ஜமீன்தார், குற்றாலத்து பங்களாவில் சித்திரக் கண்காட்சி வைப்பதாகச் சொன்னார். எந்தப் படத்தை மாட்டலாம் என்று தீர்ப்புச் சொல்லப் பிள்ளையை நியமித்தார். அப்போதுதான் மாடக்கண்ணு கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்கள எழுதணும்."

"எழுதும். கோட்டும் தலைப்பாவும் எடுத்துட்டு வரச் சொல்லுதேன்."

"கோட்டைப் போட்டுக்கிட்டு என்னத்துக்கு? கோட்டுக்குத் தையக்காரன் போதும். குளிச்சுட்டு வந்து ஈரத்தலையோட, துண்டைத் தோளுல போட்டுக்கிட்டு உக்காருங்க. அதான் நீங்க."

"கோட்டு இல்லாம என்னை எவன்வே மதிப்பான்?"

"நான் மதிக்கேன்லா! அது போதாதா?"

பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தார். முடிகிறவரை பார்க்கக்கூடாது என்று பேச்சு. பிள்ளை குடியிருந்த வீட்டின் பின்னறையில் படம் வளர்ந்தது. இந்தத் தடவை மாடக்கண்ணு இழுத்துப் பூசவில்லை. இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த புள்ளியை எல்லாம் அவிழ்த்துவிட்டார். பச்சை, நீலம், காவி, மஞ்சள் என்று ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தனித்தனிப் புள்ளி. வெளியே சாரல், உள்ளே அவர் கையில் சாரல். கதவுக்கு வெளியே ஓடை ஒன்று ஓடுகிற அந்த வீட்டில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தனக்குப் பிடித்தபடி ஒரு படம் எழுதினார். வேறு எவன் படமாக இருந்தாலும் இந்தத் துணிச்சல் வந்திருக்காது. சிநேகிதன் படம், சிநேகிதனுக்குப் பார்க்கத் தெரியும் என்று நம்பினார்.

படம் முடிந்தது. பிள்ளையைக் கூப்பிட்டார். தப்பு எங்கே நடந்தது என்றால், அந்த அறையில் நடந்தது. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் மூச்சுவிட முடியாத அறை அது.

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க அண்ணாச்சி."

"எங்கனவே தள்ள? முதுகுல சுவரு இருக்கு."

மூக்குக்கு முன்னால் படம். பிள்ளை கண்ணைச் சுருக்கினார், விரித்தார். கன்னத்தில் பச்சைப் புள்ளி, நெற்றியில் ஊதாப் புள்ளி, மூக்கில் சிவப்புப் புள்ளி. அந்த நேரம் பார்த்து அவர் சம்சாரம் உலகம்மாள் காப்பித் தம்ளரோடு உள்ளே நுழைந்தாள். தம்ளர் தரையில் விழுந்து உருண்டது.

"ஆத்தா மாரியம்மா! மூஞ்சி பூரா அம்மை வார்த்துல்லா கிடக்கு!"

"அம்மை இல்ல மதினி, வண்ணம். அந்தால போய் நின்னு..."

"பேசாதிய! ஆடி மாசத்துல, ஆத்தா ஊருக்குள்ள எறங்குத மாசத்துல, உயிரோட இருக்க மனுசனுக்கு முத்துப் போட்டு எழுதியிருக்கியளே! ஒங்க கையி வெளங்குமா?"

பிள்ளை வெளியே வந்தார். முற்றத்தில் இறங்கிச் செருப்பை மாட்டும்போது ஜன்னல் வழியாக ஒரு தடவை திரும்பிப் படத்தைப் பார்த்தார். பார்த்தவர் ஒரு செருப்போடு நின்றுவிட்டார். முகம் மாறிப்போயிற்று. மாடக்கண்ணு அதைக் கவனித்தார். 'தெரிஞ்சு போச்சு. மனுசனுக்குத் தெரிஞ்சு போச்சு' என்று உள்ளுக்குள் துள்ளினார். பிள்ளை மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

உலகம்மாள் சும்மா இருக்கவில்லை. தோஷம் கழியட்டும் என்று வாசல் நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலையைச் செருகினாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். ஆடி மாதம் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் என்ன அர்த்தம்? அந்த வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். பால்காரன் தெருவிலேயே நின்று குரல் கொடுத்துவிட்டுப் போனான். சவரம் செய்கிறவர் எட்டிப் பார்க்கவில்லை. ஜமீன்தாரின் மோட்டார் வாசல்வரை வந்தது. வேப்பிலையைக் கண்டதும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் இளநீர்க் குலை ஒன்று வந்து வாசலில் இறங்கியது. குற்றாலம் முழுக்க ஒரே பேச்சு: நமசிவாயம் பிள்ளைக்கு அம்மை வார்த்திருக்கிறது, பாவம், முகம் தேறாதாம். அருவிக்கு நேர் கீழே நின்று குளிக்கிற பிள்ளை, கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்து, ஜமீன்தார் அனுப்பி வைத்த இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். கோபம் வருமா வராதா?

மாடக்கண்ணுவுக்கு ஆள் விட்டார். போனதும் பிடித்துக்கொண்டார்.

"ஊரு சிரிக்குவே. புள்ளிய பூரா தேய்ச்சு விட்டுரும். ஒரு காய்ஞ்ச தூரிகைய எடுத்து மேலருந்து கீழ இழும். தீந்துது. மொதப் படமா நடு மண்டபத்துல மாட்டச் சொல்லுதேன்."

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்?"

"இழுக்க மாட்டேன். நீங்க ஜன்னல் வழியாப் பாத்திய. நான் ஒங்க மூஞ்சியப் பாத்தேன். நெசமாச் சொல்லுங்க, எப்பிடி இருந்துச்சு?"

பிள்ளை பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "பிரான்சு தேசத்துலயும் ஒருத்தன் இப்பிடிப் புள்ளி வச்சான். புஸ்தகத்துல பாத்திருக்கேன். அவன் செஞ்சா அது கலை. சிவகாசிக்காரன் செஞ்சா ஊரு என்ன சொல்லும்? நானே எத்தன தடவ எழுதியிருக்கேன், இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

"தீப்பெட்டிச் சித்திரம்னு எழுதினது நீங்க. அத மாத்தி எழுதுத தெம்பு இல்லன்னு சொல்லுங்க."

"வே! ஒம்ம ஆளாக்கினது என் பேனா. மறந்துராதேயும்."

மாடக்கண்ணு எழுந்துவிட்டார். அவர் குரல் உயரவில்லை. "ஒங்க பேனா வாரதுக்கு முன்னாலயும் இந்தக் கை இருந்துச்சு அண்ணாச்சி. பேனா இல்லாட்டாலும் இருக்கும்."

சொன்னதோடு நிற்கவில்லை மனிதர். கண்காட்சி தொடங்கின அன்றைக்குப் படத்தைப் பாயில் சுருட்டித் தானே தலையில் சுமந்துகொண்டு ஜமீன் பங்களாவுக்குப் போய்விட்டார். மண்டபத்தில் விரித்து நிமிர்த்தி வைத்தார். ஜமீன்தார், உத்தியோகஸ்தர்கள், மதராஸிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். முன்னால் வந்து மூக்கை வைத்துப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். "இது யாரு? நம்ம பிள்ளைவாளா?" என்று கேட்டார் ஜமீன்தார்.

எல்லாக் கண்ணும் பிள்ளை மேல் போனது. பிள்ளை அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "இது நான் இல்லை. யாரோ ஒரு தீப்பெட்டிக்காரன் கிறுக்கின கிறுக்கு."

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நின்றுகொண்டு மாடக்கண்ணு என்ன செய்தார் தெரியுமா? அவரும் சிரித்தார். "சரி. இது ஒம்ம படம் இல்லன்னு நாலு பேரு முன்னால நீரே சொல்லிட்டீரு" என்றார். அதுவரைக்கும் பிள்ளையை நீங்க என்று சொல்லி வந்த வாய், அன்றைக்குத்தான் முதல் தடவையாக நீர் என்றது. "அப்ப இத எங்கன மாட்டணும்னு சொல்லுததுக்கு ஒமக்கு அதிகாரம் கிடையாது. வாரேன்."

சுருட்டினார், தூக்கினார், நடந்தார். தென்காசிவரை சாரல் கூடவே வந்தது.

அந்த மாதப் பத்திரிகையில் பிள்ளை, தீப்பெட்டிச் சித்திரம் என்று எழுதிவிட்டார். பெயர் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. ஜமீன் ஆட்கள் வருவது நின்றது. கோயில் வாகனம் ஒன்று பாதியில் வேறு ஆளுக்குப் போனது. அவர் மனைவி வடிவம்மாள் அடுப்பில் ஊதிக்கொண்டே கேட்டாள்: "ஒரு இழு இழுத்துவிட்டா என்ன கொறஞ்சு போயிரும்?"

"ஒன் கையில பச்ச குத்தியிருக்கல்லா, தேளு? அதுவும் புள்ளிதான? போய்ச் சுரண்டிட்டு வா. அப்பொறம் நான் இழுக்கேன்."

"அய்ய! பேச்சப் பாரு!" என்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவள் அதைக் கேட்டதில்லை. சுற்று வட்டாரத்தில் கடைப் பலகை எழுதியும் பனியன் பெட்டிக்குப் பெயர் எழுதியும் அடுப்பு எரிந்தது. கும்பிட்டுக்கொண்டு யார் வாசலிலும் போய் அவர் நிற்கவில்லை.

படத்துக்கு நல்ல தேக்குச் சட்டம் அடித்தார். கடை முகப்பில், தாழ்வாரத்துக்கு மேலே, மழை படாத இடத்தில் மாட்டினார். கீழே ஒரு பலகை. அதில் கொட்டை எழுத்தில் எழுதினார்: இது யாருடைய படமும் அல்ல. எழுதியது மாடக்கண்ணு.

மறுநாள் காலையில் எதிர்ச்சாரியில் அத்தர்க் கடை வைத்திருந்த மைதீன் கதவுப் பலகையை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே திரும்பினார். திரும்பினவர் பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். "வாங்க பிள்ளைவாள்! காலங்காத்தாலயே மச்சுல ஏறி என்ன பண்ணுதிய?"

பதில் இல்லை. மைதீன் ரெண்டு எட்டு முன்னால் வந்தார், மூன்றாவது எட்டில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"வே மாடக்கண்ணு! கொன்னுட்டீருவே! தல ஈரம்கூடச் சொட்டுது!"

தேர் ஓடுகிற வீதி அது. அகலத்துக்குக் குறைச்சல் இல்லை. கடைக்குக் கீழே நின்று பார்த்தால் வெறும் புள்ளி. எதிர்ச்சாரிக்குப் போய்த் திரும்பினால் நமசிவாயம் பிள்ளை, குளித்து முடித்த களையோடு, இப்போது வாயைத் திறந்து யாரையோ குறை சொல்லப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். சந்தைக்கு வந்தவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள் எல்லாரும் மைதீன் கடை முன்னால் நின்று பார்த்துவிட்டுப் பலகையைப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மைதீனுக்கு அத்தர் விற்றது, அது தனிக் கதை.

ஆனால் பிள்ளை கோயிலுக்குப் போகிற வழியும் அதுதான். சாரல் முடிந்து தென்காசி வீட்டுக்குத் திரும்பினதும் முதல் நாளே படத்தைக் கண்டார். முகம் சிவந்தது. அன்றிலிருந்து மாடக்கண்ணு கடைக்குக் கீழே நடக்கமாட்டேன் என்று எதிர்ச்சாரிக்கு மாறிக்கொண்டார். அவசரத்தில் யோசிக்கவில்லை மனிதர். கடையை ஒட்டிக் குனிந்து போயிருந்தால் புள்ளியைத்தான் கண்டிருப்பார். எதிர்ச்சாரியில் போனதால் தினமும் தன்னையே பார்த்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. தலையைத் திருப்பாமல் போவார். கண் மட்டும் திரும்பும். மாடக்கண்ணு கடைக்குள்ளிருந்து அதைப் பார்ப்பார். இவரும் கூப்பிடவில்லை, அவரும் நிற்கவில்லை. தேர் வந்தது, தீபாவளி போயிற்று, பொங்கலுக்கு வாழ்த்துக்கூட இல்லை. ராத்திரி வடிவம்மாள் வெற்றிலை மடித்துக் கொடுக்கும்போது மட்டும், "இன்னைக்குத் தயங்கிட்டுல்லா போனாரு" என்பார்.

மறு வருஷம் சாரலுக்கு மதராஸிலிருந்து பிள்ளைக்குச் சிநேகிதர்கள் வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள். குற்றாலம் போகிற வழியில் கோயிலைப் பார்த்துவிடலாம் என்று பிள்ளை அவர்களைத் தெற்கு மாசி வீதி வழியாகக் கூட்டி வந்தார். வழக்கம்போல எதிர்ச்சாரி. மைதீன் கடைக்கு நேரே வந்ததும் அவர்களில் ஒருவர் சடக்கென்று நின்றார்.

"மிஸ்டர் பிள்ளை, அது நீங்கள்தானே?"

மைதீன் தராசைக் கீழே வைத்தார். கடைக்குள் மாடக்கண்ணு ஏணியில் நின்று ஒரு பலகையில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தவர், தூரிகையை அப்படியே பிடித்துக்கொண்டார். இல்லை என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டால் போதும், பத்திரிகைக்காரர்கள் சிரித்துவிட்டு நடந்துவிடுவார்கள். மதராஸ் வரைக்கும் அந்தச் சிரிப்பு போகும்.

பிள்ளை படத்தைப் பார்த்தார். கண்ணை மட்டும் திருப்பி இல்லை, முழு உடம்பையும் திருப்பி நின்று பார்த்தார். கையைப் பின்னால் கட்டினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அருவிக்கரையில் எண்ணெய்த் தலையோடு படங்களைப் பிரித்து மேய்கிற அந்தப் பழைய சாய்வு. அப்புறம் வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

"வே மாடக்கண்ணு! எனக்கு எடது காது இம்புட்டுப் பெருசாவே இருக்கு?"

மாடக்கண்ணு ஏணியிலிருந்து இறங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டினார்.

"காது ஒம்மது, கை என்னது! கொறைக்கணும்னா ஒம்மதக் கொறைச்சுட்டு வாரும். படத்துல ஒரு புள்ளி நகராது!"

"திமிரு பிடிச்ச பயலுக்கு எழுத மூஞ்சியக் குடுத்தேன் பாரு!"

"நீரு எங்க குடுத்தீரு? நானா எடுத்துக்கிட்டது!"

மைதீன்தான் முதலில் சிரித்தார். பிறகு வீதி சிரித்தது. பத்திரிகைக்காரர்கள் ஒன்றும் புரியாமல் சிரித்தார்கள். பிள்ளை சிரிக்கவில்லை. "அவன்தான் எழுதினான். மாடக்கண்ணுன்னு பேரு. எழுதிக்கிடுங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, கோயில் பக்கமாக விறுவிறுவென்று நடந்தார். கடைக்கு வந்து கையைப் பிடிக்கவில்லை. மாடக்கண்ணுவும் அதை எதிர்பார்க்கவில்லை.

அவர்கள் திருப்பத்தில் மறைந்ததும் மாடக்கண்ணு ஏணியைத் தூக்கி முகப்பில் சாத்தினார். பலகையில் இருந்த முதல் வரியை வெள்ளையடித்து அழித்தார். ஈரம் காய்கிறவரை பொறுமையில்லை. ஈரத்தின் மேலேயே நமசிவாயம் பிள்ளை என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் வழிந்தது. இறங்கி, வீதியைக் குறுக்கே கடந்து, மைதீன் கடை வாசலில் நின்று வெகுநேரம் அந்தக் காதையே பார்த்தார்.

"பெருசுதானோ?" என்றார் மைதீன்.

"பெருசுதான்" என்றார் மாடக்கண்ணு. "இருக்கட்டும்."